வான்கோழியை அழைப்பது விசில் ஊதுவதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான, அமெரிக்காவில் வசந்தகாலத்தில் நடைபெறும் காட்டு வான்கோழி வேட்டை பற்றிய சிறு கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்றில் இந்தப் பொருளைப் பற்றி யாரேனும் எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. ஆகவே முதலில் நன்றி. ஆனால் அக்கட்டுரை, வேட்டைக்காரர்கள் வாயில் ஒரு விசிலை வைத்து ஊதுவதாகவும், அந்த ஓசையில் மயங்கி ஓடிவரும் பறவையைச் சுட்டுவிடுவதாகவும் இரண்டே வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டது. அந்த 'விசிலை'க் கையாளக் கற்றுக்கொள்வதில் மூன்று வசந்தங்களைச் செலவிட்டவன் என்ற முறையில், அது விசிலும் அன்று, விசிலைப் போல ஊதப்படுவதும் அன்று, பறவை அவ்வளவு எளிதாக ஓடிவருவதும் இல்லை என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நான் கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பென்சில்வேனியா மாநிலத்தின் நடுப்பகுதியில், நீண்ட மலைத்தொடர்களும் அவற்றுக்கிடையே பள்ளத்தாக்குகளும் மாறிமாறி வரும் நிலப்பகுதியில், வசித்து வருகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓக் மரக்காடு தொடங்குகிறது. ஏப்ரல் மாதத்து விடியலில் அந்தக் காட்டிலிருந்து கொளகொளவென்று ஒரு பேரொலி கிளம்பும். முதலாண்டில் அதை நான் யாரோ பழுதான இயந்திரத்தை இயக்குவதாக நினைத்துக்கொண்டேன். மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அண்டைவீட்டுக்காரர்தாம் அது மரக்கிளையில் இரவு தங்கிய சேவல் வான்கோழியின் குரல் என்று சொன்னார். பண்டிகை மேசைக்கென்று பண்ணைகளில் வளர்க்கப்படும் வெள்ளை வான்கோழி தன் எடையைத் தானே தூக்கிப் பறக்க முடியாதது. காட்டு வான்கோழியோ மாலையில் உயரமான மரத்தில் ஏறி அமர்ந்து, காலையில் இறங்கிவரும் பறவை. தங்கள் கட்டுரையில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பதையும் போகிற போக்கில் குறிப்பிட்டுவிடுகிறேன்.

இனி அந்தக் கருவிக்கு வருகிறேன். இங்குள்ளவர்கள் அதை 'மவுத் கால்' என்றும் 'டயஃப்ரம்' என்றும் சொல்கிறார்கள். குதிரை லாடத்தின் வடிவில் மெல்லிய அலுமினியச் சட்டம் ஒன்று. அதன் குறுக்கே இழுத்துப் பொருத்தப்பட்ட, வெங்காயத்தோலைவிடச் சற்றே தடித்த லேடக்ஸ் சவ்வு ஒன்றோ இரண்டோ மூன்றோ. அவற்றைச் சுற்றிலும் அரைவட்டமாக ஒட்டப்பட்ட துணிநாடா. இவ்வளவுதான். மொத்தமும் ஒரு பெரிய நாணயத்தின் அளவே இருக்கும்; விலை பெரும்பாலும் ஐந்து டாலருக்கும் பதினைந்து டாலருக்கும் இடையில். மேல்சவ்வின் விளிம்பை ஒருபுறமாகவோ 'வி' வடிவிலோ வௌவால் இறக்கையின் சாயலிலோ வெட்டியிருப்பார்கள். வெட்டு மாறினால் குரலின் கரகரப்பு மாறும். நாதஸ்வர வித்துவான்களின் சீவாளியை அறிந்த தஞ்சை மாவட்டத்துக்காரனுக்கு இதில் வியப்பில்லை. எங்கள் தெருவில் குடியிருந்த பெரியவர் ஒருவர், கச்சேரிக்குப் புறப்படுவதற்கு முன் சீவாளியை வாயில் அடக்கி ஊறவைத்தபடியே, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தலையசைத்துப் பதில் சொல்வது என் நினைவில் இருக்கிறது. கொறுக்கைத் தட்டையில் செய்த சீவாளி உதட்டின் பிடியில் பேசுகிறது. லேடக்ஸ் சவ்வு நாக்கின் பிடியில் பேசுகிறது. வேறுபாடு என்னவென்றால், இங்கே நாதஸ்வரம் என்ற குழலே கிடையாது. நம் வாய்க்கூடுதான் குழல்.

வான்கோழியை அழைக்க வேறு கருவிகளும் உண்டு. பறவையின் சிறகெலும்பைக் குழலாக்கி உறிஞ்சி ஒலியெழுப்பும் முறையைப் பூர்வகுடிகள் பயன்படுத்தினர். இன்றும் அதைச் செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய மரப்பெட்டியின் விளிம்பில் அதன் மூடியைத் துடுப்பைப் போல உரசி ஒலியெழுப்பும் 'பாக்ஸ் கால்' இன்னொன்று. ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி கிப்ஸன் என்பவர் 1897-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வட்டமான கற்பலகையின் மேல் குச்சியை உரசுவது மற்றொன்று. இவற்றில் பெட்டியை ஒரு சிறுவன் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். பின்னர் ஏன் வாய்க்குள் ரப்பரை அடைத்துக்கொண்டு திண்டாட வேண்டும் என்றால், காரணம் பறவையின் கண். தலையைத் திருப்பாமலேயே தன்னைச் சுற்றியுள்ள பெரும்பகுதியைப் பார்க்கவல்ல, நிறங்களை நன்கு பிரித்தறியவல்ல கண் அது. முப்பது கஜத் தொலைவில் சேவல் நிற்கும்போது விரல் ஒன்று அசைந்தால் போதும், அது மறைந்துவிடும். பெட்டிக்கும் பலகைக்கும் கைகள் இரண்டும் தேவை. வாய்க்குள் இருக்கும் கருவிக்கு எதுவும் அசைய வேண்டியதில்லை. துப்பாக்கி முழங்காலின் மேல் கிடக்க, கைகள் அதன் மேல் கிடக்க, ஒரே ஒரு மெல்லிய ஒலியால் பறவையின் தலையை நிமிரச் செய்யலாம். அந்தக் கடைசி அரை நிமிடத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

பாடு என்றேன்; முதற்பாடு குமட்டல். கருவியின் திறந்த பக்கம் முன்பற்களை நோக்கியும், வளைந்த பக்கம் தொண்டையை நோக்கியும், ஒன்றுக்கு மேற்பட்ட சவ்வுகள் இருந்தால் குட்டையானது கீழேயும் இருக்குமாறு மேலண்ணத்தில் பொருத்த வேண்டும். பொருத்திய மறுகணமே எனக்குக் காலையில் குடித்த காப்பி மேலே வந்துவிட்டது. ஒரு வாரம் வரை இதே கதைதான். அண்ணத்தின் அகலமும் குழிவும் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதையும், நாடாவின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி நம் வாய்க்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும், சட்டத்தை அண்ணத்தின் வளைவுக்கேற்ப மிக இலேசாக வளைத்துக்கொள்ளலாம் என்பதையும் அண்டைவீட்டுக்காரர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும் என்று அவர் நினைத்துவிட்டார். நானோ ஆர்வத்தில் முதற்கருவியை அளவுக்கு மீறி நறுக்கி, காற்று இருபுறமும் கசியும்படி செய்து பாழாக்கினேன். நாடா அண்ணத்தோடு ஒட்டிக் காற்றை அடைக்காவிட்டால் வெறும் 'புஸ்' என்ற ஓசைதான் வரும்; எவ்வளவு வலுவாக ஊதினாலும் அதில் மாற்றமிருக்காது. கட்டுப்பல் அணிந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். எழுபதை நெருங்கும் நண்பர் ஒருவர் பல்செட்டு கட்டிக்கொண்ட பிறகு மரப்பெட்டிக்கே திரும்பிவிட்டார். லேடக்ஸ் ஒவ்வாதவர்கள் அது கலவாத சவ்வுடையதைத் தேடி வாங்க வேண்டும். புதியவர்கள் மூன்று சவ்வு, நான்கு வெட்டு என்று அலங்காரமானதை வாங்காமல், மெல்லிய ஒற்றைச் சவ்வோ இரட்டைச் சவ்வோ உள்ளதில் தொடங்குவது நல்லது. அதை ஒலிக்கச் செய்யக் குறைந்த காற்றே போதும்.

இரண்டாவது பாடு மூச்சு. கட்டுரையாளர் 'ஊதுவது' என்று எழுதியதில் எனக்குள்ள மறுப்பு இங்கேதான். கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினால் சவ்வு கீச்சிடும் அல்லது ஊமையாகிவிடும். குளிர்காலக் கண்ணாடியின் மேல் ஆவி படியுமாறு 'ஹா' என்று வயிற்றிலிருந்து விடுவோமே, அந்த மூச்சுத்தான் வேண்டும். நாக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் எனக்கு எத்தனையோ பேர் விளக்கினார்கள், ஒன்றும் விளங்கவில்லை. எழுத்துகளின் பிறப்பைப் பற்றிப் பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான் இறுதியில் கைகொடுத்தது. டகர ணகரங்களுக்கு நுனிநா அண்ணத்தைத் தொடும். சகர ஞகரங்களுக்கு இடைநா தொடும். இங்கே வேண்டியது நுனிநாவின் வேலையன்று, இடைநாவின் வேலை. நுனியைக் கீழ்ப்பற்களின் பின்னே ஓய்வாக விட்டுவிட்டு, 'ஞ' என்று சொல்லப்போகிறவனைப் போல நாவின் நடுப்பகுதியைச் சவ்வில் மெல்லப் பதித்து, 'ஹா' மூச்சை விட்டபோது, முதன்முறையாக ஒரு தெளிவான, நீண்ட, உச்சத்தொனி வந்தது. அப்போது இரவு பத்து மணி. என் மனைவி மாடியிலிருந்து, கெட்டில் கொதிக்கிறது, அடுப்பை அணையுங்கள் என்றாள்.

அந்த ஒற்றைத் தொனி வந்தபின் அதிலிருந்து கீழே இறங்கக் கற்க வேண்டும். பெட்டை வான்கோழியின் அடிப்படையான அழைப்பை 'யெல்ப்' என்கிறார்கள். மேலே தெளிவாகத் தொடங்கிக் கீழே கரகரப்பாகச் சரியும் இரட்டைத் தொனி அது. நாக்கின் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தி, தாடையைக் கீழே விட்டால் தொனி சரியும். ஈகாரத்திலிருந்து ஆகாரத்துக்குப் போவதைப் போன்றது. இங்கே கற்பிக்கிறவர்கள் 'சாப், சாப்' என்னும் ஆங்கிலச் சொல்லை மூச்சில் சொல்லச் சொல்கிறார்கள். தமிழ் நாக்குக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஒன்றை நான் குளியலறையில் கண்டுபிடித்தேன்: சீயக்காய். அதன் பின்பாதியை விட்டுவிட்டு 'சீயக், சீயக், சீயக்' என்று மூச்சில் சொல்லிப் பாருங்கள். ஈகாரத்தில் ஏறிய நாக்கு யகரத்தைத் தாண்டி இறங்கி, ககரத்தில் சட்டென்று அறுந்து நிற்கும். பெட்டையின் அழைப்பும் அப்படித்தான் அறுந்து நிற்கிறது. இதை அண்டைவீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்குச் 'சீ' வந்தது, 'யக்' வரவில்லை.

மற்ற ஒலிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'கிளக்' என்பது உதட்டைத் திறந்து 'ப்பக்' என்று ஒற்றையாக உடைக்கும் ஒலி. பெட்டை தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கையில் எழுப்புவது. 'பர்' என்பது நிறைவோடு மேயும் பறவையின் உறுமல். நாக்கையோ உதட்டையோ அதிரவிட்டுச் செய்ய வேண்டும், எனக்கு இன்றுவரை முழுதாக வசப்படவில்லை. கிளக்கையே வேகமாகவும் ஒழுங்கற்ற இடைவெளியிலும் அடுக்கினால் பரபரப்படைந்த பெட்டையின் குரல். இளம்பறவை கூட்டத்தைப் பிரிந்து தனித்துவிட்டால் 'கீ, கீ, கீ' என்று விசிலடிப்பதைப் போல ஏங்கும். அது இலையுதிர்கால வேட்டைக்கு உரியது, கலைந்த கூட்டத்தை மீண்டும் சேர்க்கப் பயன்படுவது. இவற்றுள் ஆபத்தானது 'பட்' என்னும் எச்சரிக்கை ஒலி. அதற்கும் கிளக்குக்கும் இடையே உள்ள வேறுபாடு சற்றுக் கூர்மையும் சற்று வலுவும் மட்டுமே. பதற்றத்தில் கிளக்கை அழுத்திச் சொல்லிவிட்டால், வாருங்கள் என்பதற்குப் பதிலாக ஓடுங்கள் என்று சொன்னதாகிவிடும். எனக்கு அது நேர்ந்திருக்கிறது. பறவை என் சொல்லை மறுபேச்சில்லாமல் கேட்டது.

பயிற்சியை எங்கே செய்வது என்பது குடும்பஸ்தனுக்குப் பெரிய சிக்கல். வீட்டில் இரண்டு நாளில் தடை வந்தது. அதன்பின் அலுவலகத்துக்குச் செல்லும் நாற்பது நிமிட மகிழுந்துப் பயணமே என் பயிற்சிக்கூடமாயிற்று. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்து வண்டியில் இருப்பவர்கள் பார்க்கும் பார்வைக்கும் பழகிவிட்டேன். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோதுதான் உண்மை புரிந்தது: வாய்க்குள் இருந்து கேட்கும்போது வான்கோழியாகத் தோன்றியது, வெளியே இருந்து கேட்கும்போது பொம்மை வாத்தாக இருந்தது. கான மயிலைப் பார்த்துத் தன் சிறகை விரித்த வான்கோழியைச் சிறுவயதில் நாம் எல்லாரும் எள்ளியிருக்கிறோம். ஐம்பத்திரண்டு வயதில், அந்த வான்கோழியைப் பார்த்துப் பாவனை செய்யும் இடத்தில் நான் நின்றேன். பறவைக்கு எங்காவது நீதி கிடைத்துத்தான் ஆக வேண்டும் போலும்.

இந்த இடத்தில்தான் பலரும் ஒரு தவற்றைச் செய்கிறார்கள். நானும் ஓராண்டை அதில் வீணாக்கினேன். கூவல் போட்டிகளில் வெல்பவர்களின் பதிவுகளைக் கேட்டு, அவர்களுடைய கண்ணாடி போன்ற தூய தொனியை எட்ட முயல்வதே அந்தத் தவறு. தேசிய அளவிலான போட்டிகள் இங்கே உண்டு. 1973-இல் தொடங்கப்பட்ட தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு அதை நடத்துகிறது. மேடையேறுகிறவர்களின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது ஓர் இசைக்கலை. ஆனால் காட்டுக்கு வேண்டியது அதுவன்று என்பதை எனக்கு ஒரு பெட்டைக்கோழி கற்றுத்தந்தது.

இரண்டாவது வசந்தத்தில், மே மாதத்தின் முதல் வாரத்தில், ஒரு குன்றின் சரிவில் பெரிய ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்ந்திருந்தேன். நான் நான்கைந்து யெல்ப் எழுப்பியதும் கீழே பள்ளத்திலிருந்து ஒரு பெட்டை பதில் சொன்னது. அதன் குரலைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தகரத்தைச் சொரசொரப்பான தரையில் இழுப்பது போன்ற குரல். இடையில் ஒரு தொனி முற்றிலும் பிசகி உடைந்தது. மேடையில் நின்றிருந்தால் முதற்சுற்றிலேயே வெளியேறியிருக்கும். ஆனால் அதன் காலக்கணக்கு மட்டும் மிருதங்கக்காரரின் விரலைப் போலப் பிசகவே இல்லை. ஏறத்தாழ ஒரு நொடிக்கு மூன்று என்னும் கணக்கில், ஐந்து, ஆறு, ஏழு தொனிகள், அடுத்தடுத்துச் சீரான இடைவெளியில். அப்போதுதான் என் அழைப்பில் என்ன குறை என்பது தெரிந்தது. தொனியைத் தூய்மையாக்கும் கவனத்தில் நான் ஒவ்வொன்றுக்கும் இடையே மூச்சை நிறுத்தி, தாளத்தை அறுத்துக்கொண்டிருந்தேன். அது சொன்னதையே, அது சொன்ன வேகத்திலேயே, திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அதற்குக் கோபம் வந்துவிட்டது. நான் முடிப்பதற்கு முன்பே குறுக்கிட்டு இன்னும் உரக்கச் சொன்னது. இப்படிப் பத்து நிமிடம் எங்களுக்குள் குழாயடிச் சண்டை நடந்தபின், யார் இந்தப் புதியவள் என்று பார்ப்பதற்காக அது சரிவில் ஏறி என்னிலிருந்து எட்டு அடி தொலைவு வரை வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. அதன் பின்னால் சற்றுத் தொலைவில் ஒரு சேவல் தோகையை விரித்தபடி வந்தது. ஆனால் பெட்டை திரும்பியதும் அதுவும் திரும்பிவிட்டது. அன்று வெறுங்கையோடு வீடு வந்தேன். மகிழுந்தில் செய்த ஆறு மாதப் பயிற்சியைவிட அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பெரிய பாடமாயிற்று.

பறவை 'ஓடிவரும்' என்ற கூற்றுக்கு இனி வருகிறேன். இயற்கையில் நடப்பது நேர்மாறானது. சேவல் மரத்திலிருந்தும் தரையிலிருந்தும் உரக்கக் கூவும். அந்தக் குரலைத் தேடிப் பெட்டைகள் போகும். அழைப்பவன் செய்வது இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, சேவலைப் பெட்டையிடம் நடக்கச் சொல்வது. ஆகவே சேவல் பதிலுக்குக் கூவும், தோகையை விரித்து அங்குமிங்கும் நடக்கும், எண்பது கஜத்தில் வந்து நின்றுவிடும். நான் இங்கிருக்கிறேன், நீ வா என்பது அதன் நிலை. புதியவன் இந்த நேரத்தில் மேலும் மேலும் அழைப்பான். அழைக்க அழைக்கச் சேவல், பெட்டை வந்துகொண்டிருப்பதாக எண்ணி, நின்ற இடத்திலேயே காத்திருக்கும். கருவியைக் கையாளக் கற்பதில் ஆகக் கடினமான பகுதி இதுதான் என்று துணிந்து சொல்வேன்: நாக்கைச் சவ்விலிருந்து எடுத்துவிட்டு, இருபது நிமிடம், சில வேளைகளில் ஒரு மணி நேரம், ஒன்றும் சொல்லாமல் இருப்பது. வேண்டுமானால் விரல்களால் சருகை இரண்டு முறை கிளறலாம், மேய்கிற பறவை கிளறுவதைப் போல. வாயில் இத்தனை பாடுபட்டுச் சேர்த்த வித்தை இருக்கும்போது அதைப் பேசாமல் வைத்துக்கொள்வது, பாட்டுக் கற்றவனைத் திருமண வீட்டில் வாய்மூடி உட்காரச் சொல்வதற்கு ஒப்பானது.

சட்டத்தைப் பற்றியும் ஓரிரு சொற்கள். பென்சில்வேனியாவில் வசந்தகாலத்து வான்கோழியை அழைத்து மட்டுமே வேட்டையாடலாம். குரல் வரும் திசையில் பதுங்கிச் சென்று சுடுவது குற்றம். மின்னணுக் கருவிகளில் பதிவுசெய்த குரலை ஒலிபரப்புவதும், தீனி போட்டு வரவழைப்பதும் தடை செய்யப்பட்டவை. தாடி எனப்படும், மார்பில் தொங்கும் மயிர் போன்ற கற்றை உள்ள பறவையை மட்டுமே சுடலாம். பருவத்தின் முற்பகுதியில் நண்பகலோடு வேட்டை முடிந்துவிடும். அடைகாக்கும் பெட்டைகளைத் தொந்தரவு செய்யாதிருப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இந்த ஒழுங்குகளுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. காடுகள் வெட்டப்பட்டு, கட்டுப்பாடற்று வேட்டையாடப்பட்டதில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் இந்தப் பறவை மாநிலத்தின் பெரும்பகுதியிலிருந்து மறைந்துவிட்டிருந்தது. 1895-இல் அமைக்கப்பட்ட மாநில வேட்டை ஆணையம், பண்ணைகளில் வளர்த்த வான்கோழிகளைப் பல ஆண்டுகள் காட்டில் விட்டுப் பார்த்தது; தாய்ப்பெட்டையின் பின்னால் நடந்து வளராத அந்தப் பறவைகள் காட்டில் நிலைக்கவில்லை. எஞ்சிய காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து வேறிடங்களில் விட்டபோதுதான் இனம் மீண்டது. துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் கூட்டாட்சி வரி, 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய பணிகளுக்குச் செல்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு வேட்டைக்காரர்களே பறவையைக் காக்கிறார்கள் என்பது முரணாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முழுமையாகத் தீர்ந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன்.

கட்டுரை அறவே சொல்லாமல் விட்ட ஒன்று பாதுகாப்பு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் தங்கள் நாளிதழை இங்கே படிக்கும் இளைஞர்கள் யாரேனும் ஆர்வப்பட்டு ஒரு கருவியை வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடக்கூடும். நன்றாக அழைக்கத் தெரிந்தவன், உடல் முழுவதும் இலைநிற உடையணிந்து, வான்கோழியின் குரலை எழுப்பியபடி, துப்பாக்கியோடு பலர் திரியும் காட்டில் அமர்ந்திருக்கிறான் என்பதை எண்ணிப் பாருங்கள். அவன் ஏமாற்றுவது பறவையை மட்டுமன்று. மூன்றாவது வசந்தத்தில் பொதுக்காடு ஒன்றில் நான் அழைத்துக்கொண்டிருந்தபோது, சட்டத்தை மதியாத ஒருவர் என் குரலை நோக்கிப் பதுங்கி வந்தார். புதரின் பின்னே அவரது தொப்பியின் விளிம்பு தெரிந்தது. கையை ஆட்டினால் அசைவைப் பார்த்துச் சுட்டுவிடக்கூடும். கருவியில் ஒலியெழுப்பினால் கேட்கவே வேண்டாம். அசையாமல், இயல்பான மனிதக் குரலில், உரக்கப் பேச வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பதற்றத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. "யாருய்யா அங்கே" என்று கத்தினேன். பென்சில்வேனியக் காட்டில் அந்தக் கேள்வி அதற்கு முன் எழுந்திருக்காது. ஆனால் வான்கோழி கேட்கிற கேள்வியன்று என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து அமர வேண்டும் என்பதும், சேவலின் தலையில் காணப்படும் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் கைக்குட்டைகூட வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும், பொதுக்காட்டில் சேவலின் குரலை ஒருபோதும் எழுப்பக் கூடாது என்பதும் வேட்டைக்காரர் கல்வி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை. அந்த வகுப்பும் உரிமமும் இல்லாமல் யாரும் தனியாக இதில் இறங்க முடியாது.

இது வஞ்சகமான வேட்டை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். பழக்கிய விலங்கைக் காட்டி இனவிலங்கை ஈர்த்துப் பிடிப்பதற்குப் 'பார்வை' என்று பழந்தமிழில் பெயரே உண்டு. ஆகவே வேட்டையில் வஞ்சனை என்பது நமக்குப் புதிய செய்தியன்று, அதை நான் மறுக்கப் போவதும் இல்லை. என் வேண்டுகோள் சிறியது: எதைச் செய்கிறோமோ அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். என் பாட்டி மாலையில் முற்றத்தில் நின்று 'பா, பா, பா' என்று அழைத்தால் எங்கள் வீட்டுக் கோழிகள் நெல்லை எண்ணி ஓடிவரும். அடுத்த வீட்டுக்காரர் அதையே சொன்னால் தலைகூட நிமிராது. அது விசிலடித்ததால் நடந்ததன்று. நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் காட்டுச் சேவல், தான் முன்னர்க் கேட்டறியாத ஒரு குரலை நம்பி ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பதற்கு, அழைப்பவன் அந்தப் பறவைகளின் பேச்சில் ஒரு சிறு பகுதியையாவது கற்றிருக்க வேண்டும். தாங்கள் இக்கட்டுரையைப் பின்னர் நூலாக்கவோ மறுபதிப்புச் செய்யவோ நேர்ந்தால், 'விசிலை ஊதி' என்பதை நீக்கிவிட்டு 'பெட்டையின் குரலில் அழைத்து' என்று திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் கடந்த மே மாதத்தில்தான் முதன்முறையாக ஒரு சேவலை இருபத்தைந்து கஜத்துக்குள் அழைத்து வந்து சுட்டேன். மூன்று முறை அழைத்தேன், ஐம்பது நிமிடம் சும்மா இருந்தேன், கடைசியில் ஒரே ஒரு கிளக். கால்கறி எளிதில் வேகவில்லை. குக்கரில் எட்டு விசில் வந்தபின்னும் மென்மையாகாததால், மறுநாள் மிளகு தூக்கலாகப் போட்டு மெல்லிய தீயில் மூன்று மணி நேரம் வைத்துத்தான் சாப்பிட முடிந்தது. மார்புக்கறி நன்றாகவே இருந்தது. கருவிகளைக் கழுவி, சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க இடையே பல்குத்தும் குச்சியின் தட்டையான துண்டைச் செருகி, வெயில் படாத இடமாகக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். வெப்பமும் வெளிச்சமும் லேடக்ஸுக்கு ஆகாது. கறிவேப்பிலை டப்பாவுக்குப் பக்கத்தில் அவற்றை வைக்கக் கூடாது என்று மனைவி சொல்லியிருப்பதால், மேல்தட்டுக்கு மாற்ற வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பென்சில்வேனியா, அமெரிக்கா.